ஒரு பெட்டி விளமீன்

நானூற்றைம்பது. மனசுக்குள் சொல்லும்போது வழுக்கிக்கொண்டு வருகிறது, வாயைத் திறந்தால்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. மணி எட்டேகால். நத்தக்குளம் வடக்குத் தெரு முனையில், புங்கமர நிழலில், டிவிஎஸ் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, பின்னால் கயிறு போட்டுக் கட்டியிருக்கிற தெர்மாகோல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வந்து கால் மணி நேரம் ஆகிறது, இன்னும் ஒரு சத்தம் கொடுக்கவில்லை. பிலோமியாக இருந்தால் இந்நேரம் பாதிப் பெட்டி காலியாகியிருக்கும். தெருவுக்குள் நுழையும்போதே கூவிக்கொண்டு போக வேண்டும், நின்றபிறகு கூவலாம் என்று நினைத்தால் வெட்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று காலையில் படித்துப் படித்துச் சொன்னாள். பெண்டாட்டி சொல்கிறாளே என்று தலையை ஆட்டினேன், ஆட்டுவதற்கு என்ன, தலைதானே. பள்ளிக்கூடம் தாண்டியதும் கூவலாம் என்று நினைத்தேன், பள்ளிக்கூடம் போய்விட்டது. ரேஷன் கடை வந்ததும் கூவலாம் என்று நினைத்தேன், அங்கே பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள், பத்துப் பேர் பார்க்க எப்படிக் கூவுவது. ஆளில்லாத இடமாகப் பார்த்துக் கூவலாம் என்று இந்த மரத்தடிக்கு வந்தேன், ஆளில்லாத இடத்தில் யாருக்குக் கூவுவது. கஸ்பாரு, உன் புத்தி இப்படித்தான் போகும். கடலில் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தி, அரை மைலுக்கு அப்பால் போகிற வள்ளத்தை நிறுத்துகிற தொண்டை இது. கோயில் திருவிழாவில் மைக் செட் ரிப்பேர் ஆனபோது ஃபாதர் என்னைத்தான் அறிவிப்பு சொல்லச் சொன்னார். அந்தத் தொண்டைதான் இப்போது வறண்டுபோய்க் கிடக்கிறது. பெட்டியின் மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டிச் செருப்புக்குள் இறங்குகிறது. சில்லென்று இருக்கிறது. இன்னும் சில்லென்று இருக்கிறது என்பதே ஒரு நிம்மதி, தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டால் கதை முடிந்தது. விளமீன் மற்ற மீன் மாதிரி இல்லை, பத்து மணி வரைக்கும் ராஜா மாதிரி இருக்கும், பதினொரு மணிக்குக் கண்ணில் பால் இறங்கிவிடும்.

எங்கள் சவேரியார்துறையில் மீன் பிடிக்கிறவன் ஆண், விற்கிறவள் பெண். சட்டியும் தராசுமாகத் தெருவில் போகிற ஆம்பிளையைப் பார்த்தால் வாய்விட்டுச் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன், சிரித்த பாவம் இன்றைக்குத் திரும்பி வருகிறது. போன செவ்வாய்க்கிழமை பிலோமி ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது வழுக்கி, வலது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. அவள் விழுந்தது அவள் கையில் மட்டும் இல்லை, என் தலையிலும்தான் விழுந்தது. நின்று யோசிக்கும்போது ஒன்று இப்போதுதான் உறைக்கிறது. பதினாறு வயதில் கடலுக்குப் போனேன், இப்போது நாற்பத்தெட்டு, இந்த முப்பத்திரண்டு வருஷத்தில் நான் பிடித்த ஒரு மீனுக்குக்கூட நான் விலை சொன்னதில்லை. கரையில் ஏலம் கூறுகிறவர் சொல்வார், வியாபாரி சொல்வார், ஊருக்குள் பிலோமி சொல்வாள். ஏலம் நடக்கும்போது மீனுக்குரியவன் நாலடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நிற்க வேண்டும், அதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. தன் மீனுக்குத் தானே வாய் திறந்தால் காசுக்கு அலையுதான் என்பார்கள். அப்படி எத்தனை காலை நின்றிருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் என் ராத்திரியை யாரோ நூறுக்கும் நூற்றைம்பதுக்கும் கூறிக்கொண்டிருப்பார்கள், நான் ஏதோ நீவாடு பார்க்கிறவன் போல நீரோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மரியாதைதான். மரியாதையைக் கொண்டு டீசல் பங்க்கில் கொடுத்தால் வாங்க மாட்டான். நானூற்றைம்பது. பிலோமி சொல்லிக்கொடுத்த எண். நானூற்றைம்பது சொல்லுங்க, பேரம் பேசினால் இறங்குங்க, நானூறுக்குக் கீழே போகாதீர்கள், விலை சொல்லும்போது அவர்கள் கண்ணைப் பார்க்காமல் மீனைப் பாருங்கள் என்றாள். சரி, மீனைப் பார்க்கிறேன். மீன் என்னைப் பார்க்கிறது.

இன்றைக்கு விற்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும், அதை நினைக்காமல் நிற்கத்தான் பார்க்கிறேன், முடியவில்லை. பன்னிரண்டு மணிக்கு மீன் வியாபாரி ஜெயபாண்டி முதலாளியின் மேனேஜர் என் வீட்டுக்கு வருவார், பத்திரத்தாளோடு. வள்ளத்தின் அடிப்பாகம் கிழிந்து, மேலே பைபர் ஒட்டு போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன், ஒட்டு எத்தனை நாளைக்கு. மூன்று பேர் போகிறோம், நானும் மச்சான் தொம்மையும் தூண்டில் போட, சந்தியாகு வாளியை வைத்துக்கொண்டு தண்ணீர் இறைத்துக்கொண்டே இருக்கிறான். மூன்றாள் கூலிக்கு ரெண்டாள் மீன். பதினெட்டு பாகம் ஆழத்தில், கரைக்கு ரெண்டு மணி நேர தூரத்தில், ஒட்டு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை மூவரும் பேசிக்கொள்வதில்லை, பேசினால் நடந்துவிடும் என்று ஒரு பயம். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகப் போட வேண்டும், அதற்கு முதலாளி பணம் தருகிறார். வட்டி கிடையாது. பதிலுக்கு, பணம் திரும்புகிற வரைக்கும் பிடிக்கிற மீனெல்லாம் அவருக்கு, அவர் சொல்கிற விலைக்கு. அந்தப் பணம் திரும்பாது, எங்கள் ஊரில் யாருக்கும் திரும்பினதில்லை, மீன் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். நேற்று அவர் விளமீனுக்குப் போட்ட விலை இருநூற்றிருபது. கெட்டவர் என்று சொல்ல முடியுமா, அதுவும் முடியாது, தொம்மையின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆட்டோ பிடித்து வந்து பணம் கட்டினவர். நல்ல மனுஷன், அதுதான் கஷ்டம், கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்துவிடலாம். கையெழுத்துப் போடாதீர்கள், ஒரு வாரம் நம் மீன் முழுவதையும் நாமே பக்கத்து ஊர்த் தெருக்களில் விற்றுப் பார்ப்போம், கட்டுப்படியானால் அதை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பாகம் போடுவோம் என்றது பிலோமி. முதல் நாளே கையை முறித்துக்கொண்டதும் அவள்தான். தொம்மையும் சந்தியாகும் தங்கள் பங்கையும் இந்தப் பெட்டியில்தான் போட்டுவிட்டிருக்கிறார்கள், வித்துட்டு வாங்க மச்சான், பாத்துக்கிடலாம் என்றான் தொம்மை, பாத்துக்கிடலாம் என்று சொல்லிவிட்டு அவன் தூங்கப் போய்விட்டான். முப்பத்தாறு மீன். பத்து மணிக்குள் போக வேண்டும். போகாவிட்டால் பெட்டியோடு நேரே முதலாளியின் ஐஸ் பிளாண்டுக்குத்தான் வண்டியைத் திருப்ப வேண்டும், திருப்பினேன் என்றால் பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்துதான், இவ்வளவு பெரிய விஷயம் இந்த வாயில் வந்து நிற்கிறது. ஒரு காக்கா மதில்மேல் வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பெட்டியைப் பார்க்கிறது. இதுவரை வந்த ஒரே வாடிக்கை.

எதிர்வீட்டுச் சுவரில் மாடி ஜன்னலுக்குச் சற்றுக் கீழே பழுப்பாக ஒரு கோடு ஓடுகிறது. பக்கத்து வீட்டிலும் அதே உயரத்தில், அதற்குப் பக்கத்திலும். முதலில் பெயிண்ட் என்று நினைத்தேன். பிறகு தலையைத் தூக்கி மேற்கே பார்த்தால் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, அதற்குப் பின்னால் கோயில் கோபுரம், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கின்றன. சேசுவே. இந்தத் தெருதான். தொட்டியும் கோபுரமும் ஒரு நேரில் வந்தால் இந்தத் தெரு வாய், அரிசி ஆலைப் புகைபோக்கி செல்போன் கோபுரத்தோடு சேர்ந்தால் தெரு முடிவு, அப்படித்தான் அன்றைக்குக் குறி வைத்துக்கொண்டோம், கடலில் மீன் கிடக்கிற பாரை, அடியில் இருக்கிற பாறைத்திட்டை, கண்டுபிடிக்கக் கோயில் சிலுவையையும் மலையையும் நேரில் வைக்கிறோமே, அதே மாதிரி. அந்தப் பழுப்புக் கோடு வரைக்கும் தண்ணீர் நின்ற வெள்ளத்தில் ஊருக்கே முகம் இல்லாமல் போயிருந்தது, எல்லாத் தெருவும் ஒரே செம்மண் தண்ணீர், குறி வைக்காமல் போனால் இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது எந்த மாடியில் ஆள் நின்றது என்றே தெரியாது. அப்படியானால் நான் இப்போது நிற்கிற இடத்தில், என் தலைக்கு மூன்று முழம் மேலே, நானே வள்ளத்தில் போயிருக்கிறேன். சிரிப்பு வருகிறது. ரேடியோவில் கேட்டதும் யாரும் யாரையும் கேட்கவில்லை, லாரி பிடித்து, வள்ளத்தைத் தூக்கிப் போட்டு, சொந்தக் காசில் டீசல் போட்டு வந்தோம், ரெண்டு நாள், எத்தனை பேரை ஏற்றினோம் என்று எண்ணவில்லை. கடலில் பார் எங்கே எழும்புகிறது என்று தண்ணீர் நிறமே காட்டிக்கொடுத்துவிடும், இங்கே எந்த நிறமும் எதையும் சொல்லவில்லை, நாலாவது நடையில் ஏதோ வீட்டு கேட்டின் இரும்பு ஈட்டி அடியில் இழுத்த சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. ஆழம் பார்க்கத் தெரிந்த எனக்குக் காம்பவுண்டு கேட் பார்க்கத் தெரியவில்லை. இறங்கினவர்கள் மாலை போட்டார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள், தெய்வம் என்று கும்பிட்டார்கள், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிறகு நஷ்ட ஈட்டுக்கு எழுதப் போனேன். படகு சேதமானது கடலிலா கரையிலா என்று ரெண்டே கட்டம், தெருவில் என்று கட்டம் இல்லை. கரையில் என்று போட்டேன், எந்தக் கரை என்று கேட்டார் ஆபீஸில் ஒரு அம்மா, அவரும் சிரித்துவிட்டார், நானும் சிரித்துவிட்டேன், விண்ணப்பம் அங்கேயே இருக்கிறது.

அதோ ஒருத்தி வருகிறாள். நைட்டிக்கு மேலே துண்டு போட்டு, கையில் ஒரு அலுமினியக் கிண்ணம். என் பெட்டியை நோக்கித்தான் வருகிறாள். மூடியைத் திறந்து காட்டினேன், எட்டிப் பார்த்தாள், விளமீனா என்றாள், ஆமாம் என்றேன், கிண்ணத்தை நீட்டினாள். நான் ரெண்டு மீனை எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன். அவள் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுக்கிறாள், நான் போங்கம்மா என்று கையைக் காட்டிவிட்டேன். காட்டியது நான் இல்லை, கைதான். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்தது பனியன் போட்ட ஒரு அண்ணாச்சி, கையில் எவர்சில்வர் வட்டில், அவருக்கும் ரெண்டு. மூன்றாவது கழுத்தில் இன்ச் டேப் தொங்கப் போட்ட ஒரு பெண், தையல்காரியாக இருக்கும், மண்சட்டியோடு வந்தாள், அவளுக்கும் ரெண்டு. அவள் தெருக்கோடி போய் மறைந்தபிறகுதான் எனக்குச் சொரேர் என்றது. அடப்பாவி கஸ்பாரு. ஆறு மீன். எங்கள் கரையில் வெறும் பாத்திரத்தோடு யார் வந்து நின்றாலும் கறிக்கு மீன் போட்டுவிடுவோம், காரணம் கேட்பதில்லை, காசு வாங்குவதில்லை. ஆள் இல்லாத வீட்டுக்காரி வருவாள், காய்ச்சலில் கிடக்கிறவன் வீட்டிலிருந்து வருவார்கள், அன்றைக்குப் பாடு இல்லாமல் வெறுங்கையாக வந்த வள்ளத்துக்காரனே வருவான், நாளைக்கு நானும் போய் நிற்பேன், பாத்திரத்தை நீட்டினவனிடம் விலை பேசுகிறவன் கடலில் நனைந்தவனே இல்லை. முப்பத்திரண்டு வருஷம் இந்தக் கை அதைச் செய்திருக்கிறது, ஊருக்குள் மீன் வாங்க வருகிறவர்களும் பாத்திரத்தோடுதான் வருவார்கள் என்று அதற்கு யார் சொன்னார்கள். பிலோமி எல்லாம் சொன்னாள், செவுளை விரித்துக் காட்டச் சொன்னாள், தராசை வெயிலில் வைக்காதீர்கள் என்றாள், இதை மட்டும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்கே தோன்றியிருக்காது. மூன்று கிலோ போச்சு. தொம்மை பங்கில் ஒன்று, சந்தியாகு பங்கில் ஒன்று, என் பங்கில் ஒன்று. விற்கத் தெரியாதவனிடம் மீனைக் கொடுத்தால் இப்படித்தான்.

மணி ஒன்பதே முக்கால். ஆறு மீனுக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. வரவில்லை என்பதுகூட இல்லை, வருகிறார்கள், தூரத்தில் நிற்கிறார்கள், வாசலில் ரெண்டு பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டு குசுகுசுவென்று பேசுகிறார்கள், நான் பார்த்ததும் கோலத்தைப் பார்க்கிறார்கள். ஏன் வரவில்லை. செருப்பில் விழுகிற தண்ணீர் முன்போலச் சில்லென்று இல்லை. செல்போனை எடுத்தேன், முதலாளி நம்பர் ரெண்டாவதாக இருக்கிறது, பிலோமிக்கு அடுத்து அவர்தான், அதுவே ஒரு கேவலம். ஒரு அழுத்து அழுத்தினால் ஆள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், எனக்கும் நிழலில் நின்று கடலைப் பார்க்கிற பழைய மரியாதை திரும்பிவிடும். இல்லாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. இந்தத் தெருவைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நான்தான் அன்றைக்கு வள்ளத்தில் வந்தவன் என்று. ஓடி வருவார்கள், மொத்தப் பெட்டியையும் வாங்குவார்கள், காப்பி கொடுப்பார்கள், சொன்ன விலைக்கு மேலேயே கொடுப்பார்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வந்ததும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்படி விற்றால் இன்றைக்கு ஒரு நாள் விற்கும், நாளைக்கு என்ன சொல்லி விற்பேன், நாளைக்கும் வெள்ளமா வரும். அதுவுமில்லாமல் அன்றைக்கு ஏற்றினவர்களை இன்றைக்கு ஏலம் போட்ட மாதிரி ஆகிவிடும். மாடியில் நின்றவர்களிடம் காசு பேசிவிட்டா ஏற்றினோம். தெய்வம் என்று கும்பிட்டார்கள், சரி, தெய்வத்துக்கு உண்டியலில் எதையாவது போட்டுவிட்டுப் போய்விடலாம், போடாமலும் போகலாம், தெய்வத்திடம் யாரும் கிலோ என்ன விலை என்று கேட்டு வாங்குவதில்லை. எனக்கு மாலை வேண்டாம். எனக்குக் கிலோவுக்கு விலை வேண்டும். இதை நினைத்ததும் மனசு கொஞ்சம் நிமிர்ந்தது, வாய் இன்னும் நிமிரவில்லை.

இன்ச் டேப்காரி திரும்பி வருகிறாள். அதே மண்சட்டி, அதில் நான் போட்ட ரெண்டு மீன் அப்படியே இருக்கிறது. வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி, கேளு சுலோச்சனா, கேளு என்று பின்னாலிருந்து அவளைத் தூண்டிவிடுகிறாள். சுலோச்சனா சட்டியை என் பெட்டிமேல் வைத்தாள்.

"இந்தாங்க அண்ணாச்சி உங்க மீனு. தப்பா நெனைக்காதிய. சும்மா குடுத்த மீன எந்த நம்பிக்கையில கொழம்பு வைக்க? நல்ல மீன யாராவது சும்மா குடுப்பாவளா?"

அப்போதுதான் புரிந்தது இத்தனை நேரம் ஏன் யாரும் கிட்டே வரவில்லை என்று. கெட்டுப்போன மீன் என்று நினைத்திருக்கிறார்கள். என் மீனை. எனக்கு வந்த கோபம் என் வாழ்நாளில் வந்ததில்லை, முதலாளி இருநூற்றிருபது போட்டபோதுகூட வரவில்லை, கரையில் என்னை யாராவது திட்டியிருந்தால் சிரித்திருப்பேன், மீனைச் சொல்லிவிட்டாள். பெட்டியிலிருந்து ஒரு மீனை எடுத்துச் செவுளை விரித்து அவள் மூக்குக்கு நேரே பிடித்தேன், ரத்தச் சிவப்பாக இருந்தது, வாலைப் பிடித்துத் தூக்கினால் பலகை மாதிரி விறைத்து நின்றது. வாய் தானாகத் திறந்துகொண்டது, திறந்தது அரை மைல் போகிற தொண்டை, தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"நல்லாப் பாரு தங்கச்சி. விடியக்காலம் மூணு மணிக்குத் தூண்டில்ல ஏறின மீனு இது. மூணு பேரு போனோம், ஒருத்தன் உக்காராம வள்ளத்துத் தண்ணிய எறைச்சுக்கிட்டே இருந்தான், அவன் எறைச்சதாலதான் நாங்க ரெண்டு பேரும் தூண்டில் போட்டோம். கெட்ட மீனு எங்க வள்ளத்துல ஏறாது."

வாசல்களில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். பனியன் அண்ணாச்சி மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறார். சுலோச்சனா மீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், விரலால் வயிற்றில் அழுத்திப் பார்த்தாள், பிறகு சாதாரணமாக, ஊக்கு என்ன விலை நூல் என்ன விலை என்று கேட்கிற குரலில், அப்ப என்ன வெல என்று கேட்டாள். தெரு முழுக்கக் காத்திருக்கிறது. இருநூற்றிருபது என்று முதலாளியின் குரல் காதுக்குள் சொல்கிறது, ரொம்ப வருஷமாக அங்கேயே குடியிருக்கிற குரல், அது வாடகையும் தருவதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் கை போனது. கையில் மீன் இருந்தது, கட்ட முடியவில்லை.

"கிலோ நானூத்தம்பது."

சொல்லிவிட்டேன். பிலோமி சொன்னபடி மீனைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை, காக்கா மட்டும் மதிலைவிட்டுப் பறந்தது. சுலோச்சனா உதட்டைப் பிதுக்கினாள். பஸ் ஸ்டாண்டில் முன்னூறுக்குத் தருகிறார்கள் என்றாள். அது மூன்று நாள் ஐஸில் தூங்கின மீன், உங்கள் வீட்டுக்கு வரும்போதுகூட அது கண் விழிக்காது என்றேன், எனக்கே ஆச்சரியம், எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு, பிலோமியோடு இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தினதில் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னூற்றைம்பது என்றாள். தலையை ஆட்டினேன். நானூறு, முடிச்சிருங்க என்றாள். நானூறுக்கு இறங்கலாம், பிலோமியே சொல்லியிருக்கிறாள். இறங்கத்தான் வாயெடுத்தேன், சந்தியாகு வாளியோடு குனிந்து குனிந்து நிமிர்ந்தது கண்ணுக்குள் வந்தது, அந்த ஐம்பது ரூபாய் அவனுடைய முதுகு. அதை எப்படி நான் விட்டுக்கொடுப்பது. கட்டாது தங்கச்சி என்றேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். எந்த ஊரு உங்களுக்கு என்று கேட்டாள், சவேரியார்துறை என்றேன். அவள் முகம் கொஞ்சம் மாறியது.

"அங்க இருந்துதான அன்னிக்கு வெள்ளத்துக்கு வள்ளம் வந்துச்சு?"

"ஆமா. வந்துச்சு."

"அதுக்காகத்தான் வெலய எறக்க மாட்டேங்கியளா?"

கேலியாகத்தான் கேட்டாள், ஆனால் கண் கேலியாக இல்லை.  நான் மீனைத் தராசில் வைத்தேன்.

"அதுக்கு வெல கெடையாது. இதுக்குத்தான் வெல."

 சுலோச்சனா சட்டியில் கிடந்த ரெண்டு மீனையும் எடுத்துத் தராசில் வைத்தாள், இன்னும் ரெண்டு போடுங்க, நாலையும் சேத்து நிறுங்க என்றாள். தராசு ரெண்டு கிலோவுக்கு மேலே கொஞ்சம் காட்டியது, மேலே இருந்ததை விட்டுவிட்டேன், அந்த அளவுக்கு எனக்கும் வியாபாரம் வந்துவிட்டது. பெட்டி மூடியின் உள்பக்கம் பிலோமி ஒட்டி வைத்திருந்த கியூஆர் அட்டையை அவளே கண்டுபிடித்துப் போனைக் காட்டிப் பணம் போட்டாள், எனக்கு அதெல்லாம் தெரியாது. திரும்பித் தெருவைப் பார்த்து, மீனு நல்லாத்தான் இருக்குக்கா, வாங்க, வெல சொல்லுதாரு என்றாள். விலை சொல்கிறார், அதனால் மீன் நன்றாக இருக்கிறது. இந்தக் கணக்கு முப்பத்திரண்டு வருஷமாக எனக்குப் புரியாமல் போய்விட்டது. கிண்ணங்களும் வட்டில்களும் சட்டிகளுமாக வருகிறார்கள், நைட்டிக்காரி காலையில் வாங்கின ரெண்டுக்கும் காசை நீட்டுகிறாள், வேண்டாம் என்று சொல்லக் கை எழும்புகிறது, இன்னொரு கை அதைப் பிடித்து இழுத்து வாங்கிக்கொள்கிறது. பனியன் அண்ணாச்சி மட்டும் மாடியிலிருந்து இறங்கவில்லை, போகட்டும், கரை வழக்கத்துக்கு ஒரு வீடாவது இருக்கட்டும். தலை வேண்டும் என்கிறார்கள், தலை வேண்டாம் என்கிறார்கள், வெட்டிக் கொடுப்பீர்களா என்கிறார்கள், நாளைக்கு எந்நேரம் வருவீர்கள், சீலா மீன் கிடைக்குமா, வெள்ளிக்கிழமை வராதீர்கள், ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாங்க. வேர்க்கிறது. வேர்வை வாயில் இறங்கி உப்பாக இருக்கிறது.

பாக்கெட்டில் போன் அடிக்கிறது. பிலோமி. இடது தோளில் போனை இடுக்கிக்கொண்டு தராசைப் பார்க்கிறேன். தொள்ளாயிரம் வந்திருப்பதாகத் தன் போனில் காட்டுகிறது, எத்தனை கிலோ கொடுத்தீர்கள் என்கிறாள், குரலில் பயம், ஏதோ ஏமாந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள். ரெண்டு என்றேன். கணக்குப் போடுகிற சத்தம் எனக்குக் கேட்டது, அவள் கணக்குப் போடும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள்.

"நானூத்தம்பதா. எறங்கவே இல்லையா நீங்க?"

"இல்ல."

"யாரு சொன்ன வெல அது?"

"நாந்தான்."

 இந்தப் பக்கம் யாரோ ஒரு கிலோ எனக்கு, எனக்கு என்று சட்டியை நீட்டுகிறார்கள். பிலோமி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அழுகிறாளா என்று கேட்க நினைத்தேன், கேட்டால் இல்லை என்பாள்.

"சரி, மீனப் பாருங்க. பன்னெண்டு மணிக்குப் பத்திரத்தோட வாறவருக்கு ஒரு காப்பி குடுத்து நான் அனுப்பி வச்சிருதேன்."